மருதையனின் இடக்கன்னம்

மேலக்கரம்பையில் நான்கு நாட்களாக ஓர் அரிவாளும் வயலில் இறங்கவில்லை. தை பிறந்து பத்து நாள் ஆகியிருந்தது. சம்பா முற்றிச் சாய்ந்து கிடந்தது. இன்னும் நாலைந்து நாள் விட்டால் கதிரிலிருந்து நெல் தானாகக் கொட்டிவிடும் என்று பண்ணைக்கும் தெரியும், கூலிக்குப் போகும் கீழத்தெருவுக்கும் தெரியும். சங்கம் கலத்துக்கு ஆறு லிட்டர் அறுப்புக் கூலி கேட்டது. பண்ணை ஐந்தில் நின்றது. ஆட்சி மாறி மூன்று வருஷமாகியும் களத்தில் அளக்கும் கை மாறவில்லை என்று கீழத்தெருவில் பேசிக்கொண்டார்கள்.

ஆனால் அரிவாள்கள் கூரையில் செருகப்பட்டதற்கு லிட்டர் மட்டும் காரணம் இல்லை. கீழத்தெருவின் சங்கத் தலைவன் மருதையனின் இடக்கன்னமும் ஒரு காரணம்.

சனிக்கிழமை சாயங்காலம் களத்தில் கூலி அளக்கும்போது வாய்ச்சண்டை வந்தது. பண்ணையின் காரியக்காரர் துரைராசு மருதையன் மேல் கையை ஓங்கினார். இரண்டு பேர் நடுவில் புகுந்து விலக்கினார்கள். கை இறங்கவில்லை. அவ்வளவுதான் நடந்தது. ஞாயிறு காலையில் மருதையன் தெருவுக்கு வந்தபோது இடக்கன்னம் பூசணிப் பிஞ்சுபோல உப்பியிருந்தது. இருட்டின பிறகு வழிமறித்து அடித்துவிட்டான் துரைராசு என்று, பொழுது உச்சிக்கு வருமுன் ஊர் முழுக்கச் சேதி.

உண்மை நீலாம்பாளுக்குத் தெரியும். மருதையனுக்கு வாக்கப்பட்டுப் பதினாறு வருஷம் ஆனவள். அவன் கீழ்க்கடைவாய்ப் பல் ஐப்பசியிலிருந்தே சொத்தை. ஒரு நெல் நுழைகிற அளவுக்கு ஓட்டை. முதலில் கிராம்பை வைத்துக் கடித்தான். பிறகு புகையிலையை அடக்கினான். பொங்கல் கழிந்து மூன்று நாள் சுவரில் தலையை முட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். யாரோ சொன்னார்கள் என்று எருக்கம்பாலைப் பஞ்சில் நனைத்துப் பல்லில் வைத்தாள் நீலாம்பாள். ஈறு வெந்து தோல் உரிந்தது. மறுநாள் வலி போன இடம் தெரியவில்லை. "விட்டுடுச்சு," என்று சிரித்துக்கொண்டு களத்துக்குப் போனான். அன்று சண்டை. அன்றிரவே வீக்கம்.

ஞாயிற்றுக்கிழமை மதகடியில் கூடியிருந்தவர்களில் பாதிப் பேர், பிள்ளைகள் பசியோடு இருக்கிறார்கள், ஐந்துக்கே அறுத்துவிடலாம் என்ற யோசனையில் இருந்தார்கள். மருதையன் போய் நின்றான். "துரைராசு கை வச்சிட்டானா?" என்று ஒருவர் கேட்டார். வாயைத் திறக்க முடியாத மருதையன் கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு தலை குனிந்தான். ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. வயலுக்குக் கிளம்பியிருந்த அரிவாள்கள் திரும்பக் கூரைக்குப் போயின.

வீட்டுக்கு வந்ததும், "நீ ஒண்ணும் வாயத் தெறக்காத," என்றான் மனைவியிடம். "ரெண்டு நாள்ல வத்திடும். அதுக்குள்ள அவனுங்க ஆறுக்கு வந்துடுவானுங்க."

புதன்கிழமை ஆகியும் வற்றவில்லை. கன்னத்திலிருந்த வீக்கம் தாடைக்குக் கீழே இறங்கிக் கழுத்தில் கெட்டியாக நின்றது. தோல் சிவந்து பளபளத்தது. உடம்பு அனலாகக் கொதித்தது. நீலாம்பாள் தவிட்டை வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தாள். கஞ்சியை வாயில் ஊற்றினால் கடைவாய் வழியாகத் திரும்பி வந்தது. எச்சிலைக்கூட அவனால் விழுங்க முடியவில்லை. பேசினால், சூடான சோற்றை வாய் நிறைய வைத்துக்கொண்டு பேசுகிறவன் மாதிரி கேட்டது.

முற்பகலில் சங்கத்துச் செயலாளர் கோவிந்தராசு திருவாரூரிலிருந்து சைக்கிளில் வந்தார். ஒல்லியான மனிதர். மூக்குக்கண்ணாடி, தோளில் சிவப்புத் துண்டு. பள்ளிக்கூட வாத்தியார் வேலையை விட்டுவிட்டுச் சங்கத்துக்கு வந்தவர்.

"படுத்துக்குங்க தோழர், எழுந்திரிக்க வேணாம்." கோவிந்தராசு குனிந்து பார்த்துவிட்டு உச்சுக்கொட்டினார். "மனுசன் கைதானா அது? இரும்பால அடிச்ச மாதிரில்ல வீங்கிக் கெடக்கு."

"தண்ணி எறங்க மாட்டேங்குதுங்க," என்றாள் நீலாம்பாள். "திருவாரூருக்குக் கொண்டுட்டுப் போகணும்."

"போகலாம்மா. வெள்ளிக்கிழமை நம்ம புகாரை விசாரிக்கத் தாசில்தார் களத்துக்கே வர்றாரு. அவர் ஒரு தடவை கண்ணால பார்த்துடட்டும். அடுத்த நிமிசம் நானே தூக்கிட்டுப் போறேன்." குரலைத் தணித்தார். "இப்பப் போனா என்ன எழுதுவான் தெரியுமா? போன வருசம் ஒரு தோழருக்கு முதுகு பூரா தடியடி. மாடு முட்டிடுச்சுன்னு சர்ட்டிபிகேட் குடுத்தான் ஒரு டாக்டரு. இதப் பார்த்தா பல்வலின்னு எழுதிடுவான்."

நீலாம்பாளின் கையிலிருந்த ஒத்தடம் பாதியில் நின்றது. கணவனைப் பார்த்தாள். அவன் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அதுவரைக்கும் ஒத்தடம் குடுக்காதம்மா," என்று எழுந்தார் கோவிந்தராசு. "வத்திடப் போவுது."

அவர் மதகடிக்குப் போன பிறகு அவள் தவிட்டு முடிச்சைக் கீழே வைத்தாள். "அந்த மனுசன் உன் வீக்கத்துக்குக் காவல் போட்டுட்டுப் போறாரு, கேட்டியா?"

"ரெண்டு நாளு," என்றான் மருதையன். சொல் குழறி வந்தது.

"ரெண்டு நாளு உங்கிட்ட இருக்காய்யா?"

அவன் கையைத் தூக்கிக் கூரையில் செருகியிருந்த இரண்டு அரிவாள்களைக் காட்டினான். இப்போது போனால் நாளைக் காலையில் ஊரே ஐந்து லிட்டருக்கு வயலில் நிற்கும் என்பது அதற்கு அர்த்தம். அவன் பொய்யன் என்பதும் சேர்ந்து தெரிந்துவிடும். அவளுக்கு இரண்டும் புரிந்தது. ஆனால் அவன் வாயோரம் எச்சிலைத் துடைத்தபோது நாக்கு தரையில் விழுந்த மீன்போல மேலே தூக்கிக்கொண்டு நிற்பதைப் பார்த்தாள். நாக்குக்குக் கீழேயும் வீங்கியிருந்தது. மூச்சு இழுக்கும்போது மெல்லிய சத்தம் ஒன்று கேட்டது.

அந்தச் சத்தத்தை அவள் முன்பே கேட்டிருக்கிறாள். கூத்தாநல்லூர்ப் பக்கத்தில் அவளுடைய தாய்மாமன் இப்படித்தான் கன்னம் வீங்கி, கழுத்து வீங்கி, மூன்றாம் நாள் மூச்சு முட்டிப் போனார். பேய் அறைந்துவிட்டது என்றார்கள். வேப்பிலை அடித்தார்கள். சாவதற்கு ஒரு வாரம் முன்னால் மாமா பல்வலி என்று புலம்பியது அவளுக்கு ஞாபகம் இருந்தது. அதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. அப்போது அறைந்தது பேய், இப்போது காரியக்காரர்.

அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வெளியே வந்தாள். "எங்க?" என்ற குரல் உள்ளிருந்து வந்தது. அவள் திரும்பவில்லை.

மதகடியில் முப்பது நாற்பது பேர் இருந்தார்கள். ஆண்கள் வாய்க்கால் கரையில், பெண்கள் பிள்ளைகளோடு கொஞ்சம் தள்ளி நுணா மரத்தடியில். கோவிந்தராசு பேப்பரை உரக்கப் படித்துக்கொண்டிருந்தார். நீலாம்பாள் அவருக்கு எதிரில் போய் நின்றாள். கூட்டத்தில் பேசிப் பழக்கம் இல்லாதவள். அதனால் சுற்றி வளைக்கவும் தெரியவில்லை.

"காரியக்காரர் அடிக்கலைங்க. அவருக்குச் சொத்தப்பல்லு. அதுதான் வீங்கிக் கெடக்கு. இன்னைக்கே டாக்டர்கிட்ட போகலைன்னா செத்துடுவாரு."

பேப்பர் மடங்கியது. பிறகு ஆண்கள் பக்கமிருந்து ஒரு குரல், "பல்லா?" என்றது. இன்னொருவன் சிரித்துவிட்டான். சிரித்தவனே வாயைப் பொத்திக்கொண்டான்.

காளியம்மாள் எழுந்து வந்தாள். நடவுக்கும் அறுப்புக்கும் பெண்களைத் திரட்டிக் கூட்டிக்கொண்டு போகிறவள் அவள்தான். புருஷன் இல்லாமல் நாலு பிள்ளைகளை வளர்க்கிறவள். "நாலு நாளா எம் புள்ளைவளைப் பட்டினி போட்டது உன் புருசன் பல்லுக்காவாடி?"

"ஆமாக்கா," என்றாள் நீலாம்பாள்.

வேறு என்ன சொன்னாலும் காளியம்மாள் விட்டிருக்க மாட்டாள். நீலாம்பாளை விட்டுக் கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். "அவன் கைய ஓங்கினத நான் என் கண்ணால பார்த்தேன்," என்றாள் பிறகு, எல்லோருக்குமாக. "பட்டாலும் படாட்டியும் ஓங்கினது ஓங்கினதுதான். அஞ்சு லிட்டரு அஞ்சு லிட்டருதான். நான் அதுக்குத்தான் குந்தியிருக்கேன். போற ஆளு போங்க."

ஏழெட்டு ஆண்கள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிப் போனார்கள். எங்கே போகிறார்கள் என்று யாரும் கேட்கவில்லை.

கோவிந்தராசு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மாவட்ட ஆபீசுக்குத் தந்தி குடுத்திருக்கேனேம்மா. தோழர் மருதையன் மீது கொலைவெறித் தாக்குதல்னு." திட்டப்போகிறார் என்று எதிர்பார்த்து நின்றாள் அவள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுந்தார். "வத்திடப் போவுதுன்னு வேற சொன்னேன்," என்றார் தனக்குள். பிறகு, "எங்கம்மா சைக்கிள்? பின்னாடி காத்து இருக்கான்னு பாருங்கய்யா யாராவது."

வீட்டு வாசலில் ஆட்களைப் பார்த்ததுமே மருதையனுக்கு விஷயம் விளங்கிவிட்டது. மனைவியின் முகத்தைப் பார்க்காமல் தானே எழுந்து போய் சைக்கிள் கேரியரில் உட்கார்ந்தான். விழுந்துவிடாமலிருக்கக் கோவிந்தராசு தன் சிவப்புத் துண்டால் அவனைத் தன் இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டார். நீலாம்பாள் பின்னால் ஓட்டமும் நடையுமாகப் போனாள். பஸ் ரோட்டுக்கு மூன்று மைல்.

வாய்க்கால் பாலத்தில் போலீஸ்காரர் இருவர் நின்றார்கள். பண்ணைக்கு வெளியூர் ஆட்களை இறக்கிவிட்டுத் திரும்பும் லாரி ஒன்றும் அங்கே நின்றது. "எங்கய்யா ஊர்வலம்?" என்று கேட்டார் ஒரு போலீஸ்காரர்.

"பல்லு டாக்டர்கிட்டங்க," என்றாள் நீலாம்பாள் மூச்சிரைக்க.

போலீஸ்காரருக்குச் சிரிப்பு வந்தது. "பல்லு புடுங்கவா இவ்வளவு ஓட்டம்?" என்று கிட்டே வந்து மருதையனின் கழுத்தைப் பார்த்தார். சிரிப்பு நின்றது. லாரிக்காரரைக் கூப்பிட்டார். "திருவாரூருதானே போற? ஏத்திக்க."

பண்ணைக்கு ஆள் கொண்டுவந்த லாரி. அதை மறிக்கத்தான் கோவிந்தராசு இரண்டு நாள் ஊர் ஊராகச் சுற்றியிருந்தார். அவரே துண்டை அவிழ்த்து, மருதையனை அக்குளில் கை கொடுத்து ஏற்றிவிட்டு, சைக்கிளையும் தூக்கிப் போட்டார்.

பல் டாக்டர் குழந்தைராஜ் கடைத்தெருவில் ஒரு ஜவுளிக்கடை மாடியில் இருந்தார். வரிசையில் முதலாவதாக உட்கார்ந்திருந்த ஹபீபுன்னிசா என்ற வயதான அம்மாள், மருதையன் படியேறி வந்து தூணைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்ததும், "மொதல்ல அவங்களை உள்ள விடுங்க," என்றார். டாக்டரின் உதவியாளர் பாத்திமா மேரி அவனைக் கைத்தாங்கலாக நாற்காலியில் சாய்த்தாள்.

டாக்டர் முதலில் பல்லைப் பார்க்கவில்லை. தாடைக்கு அடியில் இரண்டு பக்கமும் அழுத்திப் பார்த்தார். நாக்கை நீட்டச் சொன்னார். நீட்ட முடியவில்லை. வாயைத் திறக்கச் சொன்னார். ஒரு விரல் நுழையும் அளவுதான் திறந்தது.

"அடிபட்டதா?" என்று கேட்டார், சிவப்புத் துண்டைப் பார்த்தபடி.

கோவிந்தராசு கொஞ்சம் தாமதித்துச் சொன்னார். "இல்லைங்க. பல்லு."

நீலாம்பாள் நடந்ததைச் சொன்னாள். கிராம்பு, புகையிலை, எருக்கம்பால். மறுநாளே வலி நின்றதை மட்டும் இரண்டு தடவை சொன்னாள். அவளுக்கு அதுதான் புரியாத விஷயம்.

"எருக்கம்பால் நிறுத்தலம்மா," என்றார் டாக்டர். "பல்லுக்குள்ள நரம்பு இருக்கு. அது செத்துப்போச்சு. செத்ததுக்கு வலி தெரியாது. நாம நல்லாயிடுச்சுன்னு நினைச்சுக்கறோம். உள்ள அழுகினது வேர் வழியா இறங்கி எலும்புக்குள்ள சீழ் பிடிக்கும். வழி கிடைக்கிற பக்கமெல்லாம் பரவும். இவருக்குக் கழுத்துப் பக்கம் இறங்க ஆரம்பிச்சிருக்கு."

"நான் தவிட்டு ஒத்தடம் வேற குடுத்தேங்க."

"எல்லாரும் செய்றதுதான். வெளியில சூடு வச்சா சீழ் தோல் பக்கம் வரும், கன்னத்துல ஓட்டை விழும். இனிமே உப்புத் தண்ணிய வெதுவெதுப்பா வாய்க்குள்ள வச்சிருந்து துப்பச் சொல்லுங்க." டார்ச்சை அணைத்தார். "நாளைக்கு வந்திருந்தா நான் தொட்டிருக்க மாட்டேன். தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான். கழுத்துல வழி பண்ணித்தான் மூச்சு விட வைக்கணும்."

கோவிந்தராசு சுவரோரமாகப் போய் நின்றுகொண்டார்.

பென்சிலின் ஒரு துளியை முன்கையில் குத்திவிட்டு, தடிப்பு வருகிறதா என்று அரைமணி நேரம் பார்த்தார்கள். வரவில்லை. இடுப்பில் ஊசி போட்டார்கள். பிறகு டாக்டர் மருதையனுக்கு எதிரில் குனிந்தார்.

"ஈறுல கீறிச் சீழை எடுக்கப்போறேன். மரத்துப்போக ஊசி போடறேன். ஆனா சீழ் இருக்கிற இடத்துல அது பாதிதான் வேலை செய்யும். வலிக்கும். பொய் சொல்ல மாட்டேன்."

மருதையன் தலையை அசைத்தான். ஒரு கையைக் கோவிந்தராசு பிடித்துக்கொண்டார். இன்னொரு கையை நீலாம்பாள் பிடிக்கப்போனாள். அவன் அதை நாற்காலியின் கைப்பிடிக்கு நகர்த்திக்கொண்டான். கத்தி உள்ளே போனபோது அவன் தொண்டையிலிருந்து மாடு கனைப்பதுபோல ஒரு சத்தம் வந்தது. பாத்திமா மேரி பிடித்திருந்த வளைந்த தட்டில் மஞ்சளும் ரத்தமுமாக விழுந்தது. அழுகிய முட்டையின் நாற்றம் அறையை நிறைத்தது. நீலாம்பாள் மூக்கை மூடவில்லை. டாக்டர் விரலால் தாடையை அழுத்தி அழுத்தி வழித்தார். மீண்டும் வந்தது. மீண்டும் வந்தது. கீறல் மூடிக்கொள்ளாமலிருக்க ஒரு சின்ன ரப்பர் துண்டை அதில் செருகினார்.

கால்மணி நேரம் கழித்து மருதையனின் தொண்டைக்குமிழ் மேலே போய்க் கீழே இறங்கியது. எச்சிலை விழுங்கியிருந்தான். நீலாம்பாள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னொரு முறை அது இறங்கியது. அப்புறம்தான் அவள் தரையில் உட்கார்ந்தாள்.

"பல்லை இப்ப எடுக்கல," என்றார் டாக்டர். "வாய் நல்லாத் திறக்கட்டும், அடுத்த வாரம் எடுத்துடலாம். எடுக்காம விட்டா திரும்ப வரும். அஞ்சு நாளு காலையும் சாயங்காலமும் ஊசி. வீக்கம் வத்திடுச்சுன்னு பாதியில நின்னுடாதீங்க. பாதியில விட்டா அது போன மாதிரி போய்த் திரும்பி வரும்."

சங்க ஆபீசில் பாயை விரித்துத் தங்கினார்கள். வியாழக்கிழமை காய்ச்சல் இறங்கியது. மருதையன் மோரில் கரைத்த சோற்றை விரலால் தள்ளித் தள்ளி விழுங்கினான். கோவிந்தராசுவோடு பேசினான், பாத்திமா மேரியோடு பேசினான். நீலாம்பாளோடு பேசவில்லை. அவளும் பேசச் சொல்லவில்லை. வேளைக்கு உப்புத் தண்ணீரைக் காய்ச்சிப் பக்கத்தில் வைத்தாள்.

வெள்ளிக்கிழமை காலை ஊசி முடிந்ததும் கோவிந்தராசு சொன்னார்: "நீங்க வர வேணாம் தோழர். புகாரை வாபஸ் வாங்கறோம்னு நான் எழுதிக் குடுத்துடறேன். ஆள் யாரும் நிக்க வேணாம்."

"நானே சொல்றேன்," என்றான் மருதையன்.

களத்தில் நாற்காலியில் தாசில்தார், பக்கத்தில் பண்ணையார், பின்னால் துரைராசு. லாரிக்காரர் வழியாகச் சேதி எப்போதோ வந்திருந்தது. மதகடியிலிருந்து எழுந்து போன ஏழெட்டுப் பேரும் இரண்டு நாளாக ஐந்து லிட்டருக்கு அறுத்தவர்கள். தலையில் தூசியோடு வைக்கோற்போர் ஓரமாக நின்றார்கள். காளியம்மாளும் பெண்களும் வரப்பில் உட்கார்ந்திருந்தார்கள்.

"என்ன மருதையா, பல்லு ஆடுதா?" என்றார் துரைராசு. "எங்கிட்ட சொல்லியிருந்தா ஒரே தட்டுல கழட்டியிருப்பேன். ஊர் பட்டினி கெடந்திருக்க வேணாம்."

பண்ணை ஆட்கள் சிரித்தார்கள். கீழத்தெருவிலும் ஒன்றிரண்டு பேர் சிரித்தார்கள். நீலாம்பாளுக்கு அந்தச் சிரிப்புத்தான் சுட்டது.

மருதையன் தாசில்தாருக்கு எதிரில் போய் நின்றான். "அடிக்கலைங்க. கைய ஓங்கினார், அடிக்கலை. அடிச்சிட்டார்னு ஊர் நெனச்சிது. நான் இல்லைன்னு சொல்லாம இருந்துட்டேன். தப்பு எம்மேலதான்."

குமாஸ்தா எழுதிக்கொண்டார். "அப்புறம் எதுக்கய்யா வேலைக்குப் போகாம உட்கார்ந்திருக்கீங்க?" என்று கேட்டார் தாசில்தார்.

மருதையன் பதில் சொல்ல வாயைத் திறந்தான். தாடை இழுத்துப் பிடித்தது. கையைக் கன்னத்தில் வைத்தான். சட்டென்று அதை எடுத்துவிட்டான்.

"நான் சொல்றேங்க," என்று வரப்பிலிருந்து காளியம்மாள் எழுந்தாள்.

அவள் அரைமணி நேரம் பேசினாள். நடுவில் துரைராசு இரண்டு தடவை குறுக்கிட்டு இரண்டு தடவையும் வாங்கிக் கட்டிக்கொண்டார். கதிர் கொட்டுகிறது என்ற பயம் பண்ணையாருக்கு இருந்தது. ஆட்கள் உடைந்துவிட்டார்கள் என்ற பயம் கோவிந்தராசுவுக்கு இருந்தது. பிற்பகலில் பேச்சு ஐந்தரை லிட்டரில் முடிந்தது. நாளைக்கு அறுப்பு. பெண்கள் காளியம்மாளைச் சுற்றிக்கொண்டு தெருவுக்குப் போனார்கள். முன்பெல்லாம் மருதையனைச் சுற்றித்தான் போவார்கள்.

அவனும் நீலாம்பாளும் பஸ் ரோட்டுக்கு வரப்பில் நடந்தார்கள். பாதி தூரம் போன பிறகு அவன் நின்றான்.

"நீ சொல்லாம இருந்திருந்தா ஆறு கெடச்சிருக்கும்." மூன்று நாளில் அவளிடம் அவன் பேசிய முதல் பேச்சு.

"கெடச்சிருக்கும்," என்றாள் அவள். "அளந்து வாங்க நீ இருந்திருக்க மாட்ட."

அவள் சொன்னதை அவன் ஒத்துக்கொண்டானா என்று அவளுக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள நேரமும் இல்லை. ஐந்து மணி பஸ்ஸை விட்டால் அடுத்தது ஏழுக்குத்தான். சாயங்கால ஊசி பாக்கி இருந்தது. அவள் முன்னால் நடந்தாள். கொஞ்ச நேரத்தில் பின்னால் அவன் நடை கேட்டது.